இனிப்புக்குள் ஒளிந்திருக்கும் அமிலம்

பற்கூச்சம் என்று வரும் கல்லூரி மாணவர்களிடமும் இரவுப் பணி பார்ப்பவர்களிடமும் எனர்ஜி ட்ரிங்க் குடிக்கும் பழக்கம் உண்டா என்று தவறாமல் கேட்கிறேன். உண்டு என்றால், எப்படிக் குடிக்கிறீர்கள் என்பது அடுத்த கேள்வி. பல் மருத்துவருக்கு அதுதான் முக்கியம். பலர் ஒரே மூச்சில் குடிப்பதில்லை. கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் மிடறு மிடறாகப் பருகுகிறார்கள்.

ஏன் அப்படிப் பருக முடிகிறது என்று அறிய, 250 மி.லி. ரெட் புல் ஒன்றைக் கண்ணாடித் தம்ளரில் ஊற்றிச் சுவைத்துப் பார்த்தேன். வெளிர் மஞ்சள் நிறம், பழமிட்டாய் வாசனை. நாக்கில் பட்டதும் இனிப்பு, பின்னாலேயே சுருக்கென்ற புளிப்பு, விழுங்கியபின் லேசான கசப்பு. சில்லென்று இருக்கும்வரை சுவை நன்றாகவே இருக்கிறது. குளிர் விட்டதும் இனிப்பு திகட்டுகிறது, புளிப்பும் தூக்கலாகத் தெரிகிறது.

இந்த வகைப் பானங்களின் பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; குறையக் குறைய அமிலம் அதிகம்) பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் இடையில் இருக்கும். 5.5-க்குக் கீழே போனாலே பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கிவிடும். சர்க்கரை போடாத எலுமிச்சைச் சாற்றை யாரும் ஒரு மணி நேரம் சப்பிக்கொண்டிருக்க மாட்டார்கள். நாக்கே வேண்டாம் என்று சொல்லிவிடும். இங்கே ஒரு டப்பாவில் இருக்கும் சுமார் 27 கிராம் சர்க்கரை அந்த எச்சரிக்கையை அமுக்கிவிடுகிறது. அமிலத்தை உமிழ்நீர் சரிசெய்ய நேரம் வேண்டும். அதற்குள் அடுத்த மிடறு போய்விடுகிறது.

இதனால் தேய்ந்த பற்களைப் பார்த்தவுடன் ஓரளவு ஊகித்துவிடலாம். சொத்தை இருக்காது, அழுக்கும் இருக்காது. நன்றாகத் துலக்கிய வாய்தான். ஆனால் கடைவாய்ப் பல்லின் மேடுகளில் சிறு சிறு குழிகள், அவற்றின் அடியில் மஞ்சளாக, எனாமலுக்குக் கீழே இருக்கும் டென்டின் என்ற உள்ளடுக்கு. முன்பற்களின் விளிம்பு மெலிந்து, வெளிச்சம் ஊடுருவும். முன்பு அடைத்த இடம் மட்டும் தேயாமல், பல்லைவிட உயர்ந்து திட்டுபோல நிற்கும். நெஞ்செரிச்சலால் மேலேறும் அமிலமும் இதே வேலையைச் செய்யும் என்பதால் அதையும் விசாரிக்க வேண்டும். தேய்ந்த எனாமல் மறுபடி வளராது. 'சர்க்கரை இல்லாதது' வாங்கினால் சொத்தைக்கான வாய்ப்பு குறையலாம். அமிலம் அப்படியேதான் இருக்கிறது.

குடித்தவுடன் பல் துலக்குவது நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். அமிலத்தில் இளகிய எனாமலைப் பிரஷ்ஷால் தேய்த்து எடுப்பதாகவே அது முடியும். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுத்துத் துலக்குங்கள். குடித்தே தீர வேண்டுமென்றால் உணவோடு, சீக்கிரம் குடித்து முடியுங்கள். படுக்கப்போகும் நேரத்தில் வேண்டவே வேண்டாம்; தூக்கத்தில் உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடும்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சமாதானமே கிடையாது. இந்தியாவில் இவ்வகைப் பானங்களில் லிட்டருக்கு 300 மி.கி. வரை காஃபின் இருக்கலாம், 250 மி.லி.க்கு 75 மி.கி. உடல் எடையில் கிலோவுக்கு 3 மி.கி. என்ற ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவை வைத்தால், 25 கிலோ எடையுள்ள குழந்தையின் ஒரு நாள் வரம்பு ஒரே பாட்டிலில் தீர்ந்துவிடுகிறது. லித்துவேனியா 2014-லேயே 18 வயதுக்குட்பட்டோருக்கு இவற்றை விற்கத் தடை விதித்தது. நம் ஊரில் குழந்தைகளுக்கு ஏற்றதல்ல என்ற வரி பாட்டிலில் பொடி எழுத்தில் இருக்கிறது. பள்ளிக்கூடத்து வாசல் பெட்டிக்கடையில் சீருடைப் பிள்ளை கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். அங்கே தடை வேண்டும்.