வடக்கே இளைஞர்கள் ஏற்கெனவே ஆன்லைனில்தான் இருக்கிறார்கள்

வட கனடாவின் பழங்குடி இளைஞர்களைச் சூழல் பாதுகாப்பில் ஈடுபடுத்த ஆன்லைனில் ஏதாவது தொடங்கலாம் என்று இருக்கிறோம், யோசனை சொல்லுங்கள் என்று யாராவது எனக்கு எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பெரும்பாலும் டொராண்டோ, ஒட்டாவா, மாண்ட்ரியால் பக்கத்துப் பல்கலைக்கழகங்களிலும் தன்னார்வ அமைப்புகளிலும் இருப்பவர்கள். நல்ல மனசுக்காரர்கள், அதில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. சூழல் தரவு சேகரிக்கும் ஊர்க்காரர்களுக்கு இணையவழிப் பயிற்சி கொடுப்பது என் வேலை என்பதால் கேட்கிறார்கள். எல்லாருக்கும் நான் முதலில் சொல்வது, அந்த இளைஞர்கள் ஏற்கெனவே அங்கேதான் இருக்கிறார்கள் என்பதைத்தான். இனுயிட் பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் வட கனடாப் பகுதியான நுனாவுட்டில் 25 ஊர்கள், ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலையே கிடையாது. விமானம், கோடையில் கப்பல், மற்றபடி பனிவண்டி. மக்கள்தொகையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவர் 15 வயதுக்குட்பட்டவர். அவர்களுக்கு ஃபேஸ்புக்தான் ஊர்ப் பொதுத்திண்ணை. அங்கே அவர்கள் எதைப் போடுகிறார்கள் என்று கொஞ்ச நேரம் பாருங்கள், முக்கால்வாசி வேட்டைதான்: முதல் கரிபு மான், முதல் சீல் (கடல்நாய்), தாத்தாவோடு போய்ப் பிடித்த ஆர்க்டிக் சார் மீன். உங்கள் திட்டம் இங்கிருந்து தொடங்கவில்லை என்றால் எங்கிருந்தும் தொடங்காது என்பது என் எண்ணம்.

வேட்டையா, பாதுகாப்பா என்று உங்களுக்குள் ஒரு தயக்கம் வந்தால், அதே தயக்கம் எதிர்ப்பக்கத்தில் இன்னும் ஆழமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். வடக்கு மக்களுக்குச் சூழல் பாதுகாப்பு என்பது நெடுங்காலம் தெற்கிலிருந்து வந்த பிரச்சாரம், அதுவும் அவர்கள் வயிற்றில் அடித்த பிரச்சாரம். வெள்ளைக் குட்டி சீல்களின் படங்களை வைத்து நடந்த இயக்கத்தின் விளைவாக 1983இல் ஐரோப்பா குட்டித் தோல்களைத் தடை செய்தது. இனுயிட் மக்கள் அந்தக் குட்டிகளை வேட்டையாடுவதே இல்லை, அவர்கள் தேடிப்போவது பெரும்பாலும் வளையச் சீல், அதுவும் சாப்பாட்டுக்கு. தோல் விற்ற காசில் பெட்ரோலும் தோட்டாவும் வாங்குவார்கள். அந்தச் சந்தை மொத்தமாகப் படுத்துவிட்டது. 2009இல் வந்த ஐரோப்பியத் தடையில் இனுயிட்டுகளுக்கு விலக்கு என்று எழுதியும் வைத்தார்கள், ஆனால் வாங்க ஆள் வேண்டுமே.

2014 மார்ச்சில் நடந்தது இந்த விஷயத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆஸ்கர் விழாவில் தொகுப்பாளர் எலன் டிஜெனரஸ் நட்சத்திரங்களோடு எடுத்த அந்தப் பிரபல செல்ஃபியை ஒட்டி, சீல் வேட்டையை எதிர்க்கும் ஒரு விலங்குநல அமைப்புக்கு 15 லட்சம் டாலர் போனது. அடுத்த சில வாரங்களில் இனுயிட் மக்கள் சீல் தோல் கோட்டும் பூட்ஸும் கையுறையும் போட்டுக்கொண்டு ‘சீல்ஃபி’ என்ற பெயரில் படங்களைப் போட ஆரம்பித்தார்கள். நுனாவுட்டின் தலைநகரான இக்காலுயிட்டில் கூட்டமாக நின்று எடுத்தார்கள். அதே ஊரைச் சேர்ந்த 17 வயதுப் பெண் ஒருத்தி யூடியூபில் பேசினாள், யாரையும் திட்டாமல், தன் குடும்பம் என்ன சாப்பிடுகிறது, என்ன உடுத்துகிறது என்று விளக்கினாள். அந்த ஆண்டிலேயே சூழல் அமைப்பான கிரீன்பீஸ் கனடா, பழைய சீல் பிரச்சாரத்தால் இனுயிட் மக்களுக்கு நேர்ந்த பாதிப்புக்கு மன்னிப்புக் கேட்டது. ஆன்லைனில் இந்த இளைஞர்களை யாரும் ‘ஈடுபடுத்த’ வேண்டியிருக்கவில்லை. தங்கள் நிலத்தைப் பற்றி மற்றவர்கள் தப்பாகப் பேசியபோது தாங்களே இறங்கினார்கள்.

சரி, நல்லபடியாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஹட்சன் விரிகுடாவின் தென்கிழக்கில் பெல்ச்சர் தீவுகள், அங்கே இருக்கும் ஒரே ஊர் சனிகிலுவாக், ஆயிரம் பேர் இருப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் ஒரு குளிர்காலத்தில் அங்கே ஈடர் எனும் கடல் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. இந்த வாத்துகள் குளிருக்குத் தெற்கே பறந்து போவதில்லை. கடல் உறைந்த பிறகும் நீரோட்டத்தின் வேகத்தால் உறையாமல் கிடக்கும் இடங்களில் முக்குளித்து மட்டியும் கடல் முள்ளெலியும் தின்று பிழைத்துக்கொள்ளும். அந்த இடமும் மூடிக்கொண்டால் பட்டினிதான். கியூபெக்கின் நீர்மின் அணைகள் வெயில் காலத்து நீரைத் தேக்கி வைத்து, மின்தேவை உச்சத்தில் இருக்கும் குளிர்காலத்தில் கடலுக்குத் திறந்துவிடுகின்றன. நன்னீர் உப்புநீருக்கு மேலே நிற்கும், சீக்கிரம் உறையும். பனியின் போக்கே மாறிவிட்டது என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் வாய்வார்த்தையாகச் சொன்னதை அதிகாரிகள் மேசையில் வைக்கத் தோதாகப் பதிவுகள் இல்லை. அப்படிப் பதிவு செய்யும் வேலைக்காகத்தான் 2011இல் ஆர்க்டிக் ஈடர் சொசைட்டி உருவானது. 2017இல் கூகுளின் போட்டி ஒன்றில் ஏழரை லட்சம் டாலர் கிடைத்து, 2019 டிசம்பரில் ‘சிகு’ என்ற செயலியை முழுமையாக வெளியிட்டார்கள்.

பார்ப்பதற்குச் சாதாரண சமூக ஊடகம் மாதிரிதான் இருக்கும். வேட்டைக்குப் போன ஒரு பையன், தான் சுட்ட ஈடரின் இரைப்பையைக் கீறி, உள்ளே இருக்கும் மட்டி ஓட்டுத் துண்டுகளைப் பலகையில் பரப்பி, அளவு தெரியட்டும் என்று கத்தியைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கிறான் என்று வையுங்கள். ஃபேஸ்புக்கில் போட்டால் நாலு லைக்கோடு கீழே போய்விடும். சிகுவில் அதே படத்தோடு என்ன பறவை, எங்கே, எப்போது, என்ன தின்றிருக்கிறது, கொழுப்பு எப்படி என்பதும் சேர்ந்துவிடுகிறது. ஊரில் பலரும் பல குளிர்காலம் இதைச் செய்தால் வாத்துகளின் உணவு எப்படி மாறுகிறது என்ற கேள்விக்கு விடை தானாக உருவாகும். ஆபத்தான பனி இருக்கும் இடத்தை ஒருவர் குறித்தால் மற்றவர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்ளலாம். பனியின் வகைகளை இனுயிட் மொழியான இனுக்டிடூட்டின் சொற்களிலேயே குறிக்கலாம். செயற்கைக்கோள் படமும் அலை நேரமும் வானிலையும் அங்கேயே இருக்கின்றன. பதிவு போட்டவருக்கே சொந்தம். யார் பார்க்கலாம், எந்த ஆய்வுத் திட்டத்துக்குக் கொடுக்கலாம் என்பதை அவரே முடிவு செய்கிறார். நல்ல மீன்பிடி இடத்தைத் தெருவுக்குச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? இந்த ஒரு ஏற்பாடு இல்லாததாலேயே தெற்கிலிருந்து போன பல அழகான செயலிகளை யாரும் சீண்டவில்லை.

இணைய வேகத்தைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சே வீண். நுனாவுட் பல ஆண்டுகளாகச் செயற்கைக்கோள் இணைப்பை நம்பித்தான் ஓடுகிறது. இப்போது தாழ்வான சுற்றுப்பாதைச் செயற்கைக்கோள்கள் வந்தபின் நிலைமை முன்னேறியிருக்கிறது, ஆனால் எல்லா வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலை இல்லை. இது வெறும் வசதிக் குறைவு என்று நினைப்பவர்களுக்கு நான் நுனாவுட்டின் கிளைட் ரிவர் என்ற ஊர் தொடுத்த வழக்கைச் சொல்வேன். பாஃபின் விரிகுடாவிலும் டேவிஸ் நீரிணையிலும் எண்ணெய் தேடி அதிர்வலை ஆய்வு நடத்த நிறுவனங்கள் அனுமதி கேட்டன. கடலடியை நோக்கி விடாமல் வெடிச்சத்தம் எழுப்புகிற வேலை அது. திமிங்கிலங்களுக்கு என்ன ஆகும் என்று ஊர்க்காரர்கள் நேரில் கேட்ட கேள்விகளுக்குச் சில மாதம் கழித்து 3,926 பக்கத்தில் ஓர் ஆவணம் பதிலாக வந்தது. ஆன்லைனில் ஏற்றிவிட்டார்கள். அந்த வேகத்தில் அதைத் தரவிறக்கவே முடியவில்லை, இனுக்டிடூட்டில் மொழிபெயர்த்ததோ மிகச் சிறு பகுதி. 2017 ஜூலையில் கனடா உச்ச நீதிமன்றம் இதைக் கலந்தாலோசனை என்றே ஏற்க முடியாது என்று சொல்லி அனுமதியை ரத்து செய்தது. ‘ஆன்லைனில் போட்டுவிட்டோம், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்’ என்று திட்ட அறிக்கையில் எழுதும் முன் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.

என் பயிற்சி வகுப்புகளில் நான் வீடியோவைப் பெரும்பாலும் அணைத்தே வைக்கிறேன். குரல், அப்புறம் முன்கூட்டியே அனுப்பிய சின்னப் படங்கள், அவ்வளவுதான். வகுப்பில் இளைஞர்கள் கேமராவை அணைத்துவிட்டு அமைதியாக இருப்பதைப் பார்த்து ஆர்வமில்லை என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் பின்னாலிருந்து ஒரு பெரியவரின் குரல் கேட்கும், இனுக்டிடூட்டில் ஏதோ சொல்வார், அதன்பிறகு அந்தப் பையன் மைக்கைத் திறந்து, ‘மாமா சொல்கிறார், அந்த இடத்தில் நீரோட்டம் அப்படிப் போகாது’ என்பான். எனக்குப் பிடித்த நேரமே அதுதான். படம் எடுப்பதும் பதிவேற்றுவதும் இளையவர் கையில், பார்த்ததன் பொருள் பெரியவர் வாயில். இருவரும் ஒரே அறையில் இருக்கும்படி நேரத்தை அமைப்பது நம் பொறுப்பு.

நேரம் என்றதும் இன்னொன்று. மே மாதத்தில் இணையவழிக் கூட்டம் வைக்காதீர்கள். தெற்கே போன கூஸ் எனும் காட்டு வாத்துகள் வடக்கே திரும்பும் காலம், யாரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். ஹட்சன் விரிகுடாவின் தெற்கே ஒட்டியிருக்கும் ஜேம்ஸ் விரிகுடாவின் கரையில், கிரீ என்ற இன்னொரு பழங்குடியின் ஊர்களில் இதற்காகவே பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை விடுகிறார்கள்.

காசு விஷயத்தையும் வெளிப்படையாகப் பேசுவோம். சான்றிதழும் டி-ஷர்ட்டும் கொடுத்து வேலை வாங்கும் பழக்கம் வடக்கே எடுபடாது, எடுபடவும் கூடாது. அங்கே ஒரு பை மாவின் விலையைப் பார்த்தால் புரிந்துவிடும். கிழக்குக் கனடாவின் லாப்ரடாரில் நெய்ன் என்ற இனுயிட் ஊரில் வேர்விட்ட ஸ்மார்ட்ஐஸ் அமைப்பை இதற்கு நல்ல எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். பனியில் பதித்து வைக்கும் உணர்கருவி ஒன்று, பனிவண்டிக்குப் பின்னால் சறுக்குவண்டியில் இழுத்துப் போகும் கருவி ஒன்று. இரண்டும் பனியின் தடிமனை அளக்கின்றன. பதிக்கும் கருவிகளை நெய்னிலேயே உள்ளூர் இளைஞர்கள் பயிற்சி பெற்று, சம்பளத்துக்குத் தயாரிக்கிறார்கள். எந்த வழித்தடத்தை அளப்பது என்பதை ஊரின் அனுபவசாலிகள் குழு சொல்கிறது. வந்த தகவல் ஆன்லைன் வரைபடமாக ஊருக்கே திரும்பிப் போகிறது, வண்டி எடுப்பதற்கு முன் மக்கள் பார்த்துக்கொள்கிறார்கள். தரவு எடுத்த கைக்குச் சம்பளம் கிடைக்கிறது, எடுத்த தரவால் அதே ஊரில் உயிர்களும் பிழைக்கின்றன.

இப்படி எதையாவது தொடங்க நினைப்பவர்கள் முதலில் அந்தந்த ஊரின் வேட்டையாளர் சங்கத்துக்கு எழுதுங்கள், பணம் கேட்டு விண்ணப்பம் போடுவதற்கு முன்னாலேயே எழுதுங்கள், திட்டத்தின் வடிவத்தை அவர்கள் மாற்ற வாய்ப்பு இருக்கும்போது எழுதுங்கள். நுனாவுட்டில் ஆய்வு செய்ய உரிமம் தேவை, அதற்கான சுருக்கத்தை இனுக்டிடூட்டில் கொடுப்பதற்கான செலவையும், பங்கேற்கும் இளைஞர்களுக்கும் பெரியவர்களுக்கும் தரும் ஊதியத்தையும், அவர்கள் பனிவண்டிக்கு ஊற்றும் பெட்ரோலையும் பட்ஜெட்டின் முதல் வரிகளிலேயே போடுங்கள். பதில் வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம். வேண்டாம் என்றும் வரலாம், வந்தால் அதையும் ஒரு பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.