முன்பு ஆடியவர், இப்போது பார்ப்பவர்

பிசியோதெரபிக்கு வருகிற எல்லோரிடமும் நான் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "ஏதாவது விளையாடுவீங்களா?" முழங்கால் வலி, இடுப்பு வலி, தோள் இறுக்கம் என எதற்காக வந்திருந்தாலும் இதைக் கேட்பேன். நாற்பதைத் தாண்டிய ஆண்களில் பலர் இந்தக் கேள்விக்கு நிமிர்ந்து உட்கார்வார்கள். "ஆமா டாக்டர், நான் காலேஜ் டீம்ல இருந்தவன்." எந்த இடத்தில் ஆடினார், எந்த இறுதிப் போட்டியில் யாரைத் தோற்கடித்தார் என்றெல்லாம் வரும். கடைசியாக எப்போது ஆடினீர்கள் என்று கேட்டால் கொஞ்சம் தயக்கம். "அது ஆச்சு ஒரு பதினஞ்சு வருஷம். ஆனா ஒரு மேட்ச் விடமாட்டேன், எல்லாத்தையும் பார்த்துடுவேன்."

என்னைக் கவலைப்பட வைப்பது அந்தக் கடைசி வரிதான். ஆட்டத்தை விடாமல் பார்க்கிறவருக்கு, தான் ஆடுவதை நிறுத்திவிட்டோம் என்பதே உறைப்பதில்லை. யார் ஃபார்மில் இருக்கிறார், யாருக்கு எந்தக் காலில் காயம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. மனசு மைதானத்தை விட்டு வெளியே வரவே இல்லை. உடம்புதான் பல வருஷமாக நாற்காலியில் இருக்கிறது. ஒருநாள் பழைய நண்பர்கள் கூப்பிடுகிறார்கள், ஷூவை மாட்டிக்கொண்டு இறங்கிவிடுகிறார். அப்புறம் என்னைப் போன்றவர்களிடம் வருகிறார்.

ஒரு காலத்தில் நன்றாக ஆடியவர் உடம்பில் சில விஷயங்கள் உண்மையாகவே தங்குகின்றன. முதலில், அசைவின் நினைவு. பந்து வரும் திசைக்கு உடம்பைத் திருப்புவது, மட்டையைப் பிடிக்கும் கோணம், தாவும் நேரம் எல்லாம் மூளையிலும் நரம்புகளிலும் பதிந்தவை, அவ்வளவு எளிதில் அழியாது. தசையைப் பொறுத்தவரை, பயிற்சியில் கூடிய செல் கருக்கள் தசை இளைத்த பிறகும் நெடுநாள் இருப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். எலும்பிலும் மிச்சம் உண்டு. தொழில்முறை பேஸ்பால் வீரர்களின் எறியும் கையை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. இளமையில் எறிந்து எறிந்து அந்தக் கை எலும்புக்குக் கிடைத்த கூடுதல் பருமனில் ஏறத்தாழ பாதியும், கூடுதல் வலுவில் மூன்றில் ஒரு பங்கும் ஆட்டத்தை விட்ட பிறகும் ஆயுள் முழுக்க இருக்கின்றன. பிள்ளைகள் ஏன் ஓடியாட வேண்டும் என்று கேட்கும் பெற்றோரிடம் இதை நான் அடிக்கடி சொல்வேன்.

ஆனால் போவது வேகமாகப் போகிறது. பயிற்சியை நிறுத்திய இரண்டு வாரத்துக்குள்ளேயே ரத்தத்தின் அளவு குறைய ஆரம்பிக்கும். ஒரு துடிப்புக்கு இதயம் வெளியே தள்ளும் ரத்தமும் அதோடு குறையும். 1966-இல் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது ஆரோக்கியமான இளைஞர்கள் 5 பேரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கவைத்துப் பார்த்தார்கள். உடம்பு அதிகபட்சமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால் பங்குக்கும் மேல் சரிந்துவிட்டது. 30 வருஷம் கழித்து அதே 5 பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். 20 வயதில் மூன்று வாரப் படுக்கை உண்டாக்கிய இழப்பு, அதன் பிறகு முப்பது வருஷ முதுமை உண்டாக்கியதைவிட அதிகமாக இருந்தது.

ஆக, அசைவின் ஞாபகம் போகாது, தாங்கும் சக்தி போய்விடும். ஆபத்து இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது. புதிதாக ஆடவருகிறவருக்கு அந்த ஆபத்து குறைவு. வேகமாகத் திரும்ப அவருக்குத் தெரியாது, அதனால் திரும்ப மாட்டார். பழைய ஆட்டக்காரருக்குத் தெரியும். மூளை இருபது வயதுக் கட்டளையைக் கொடுக்கிறது, நாற்பத்தைந்து வயதுக் குதிகால் அதை ஏற்கவேண்டியிருக்கிறது.

குதிகால் என்று சும்மா சொல்லவில்லை. கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு இணைக்கும் அகில்லஸ் தசைநார் அறுந்து வருகிறவர்களில் பெரும்பாலோர் 30-லிருந்து 50 வயதுக்குள் இருக்கும் ஆண்கள், வார இறுதியில் மட்டும் ஷட்டிலோ ஃபுட்பாலோ ஆடுகிறவர்கள். அவர்கள் சொல்லும் விவரம் கிட்டத்தட்ட ஒன்றுபோலவே இருக்கும். முன்னால் பாய்வதற்குக் காலை ஊன்றியபோது பின்னாலிருந்து யாரோ எட்டி உதைத்த மாதிரி இருந்தது, 'பட்' என்று சத்தம் கேட்டது, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை. இப்படி நடந்தால் அது சுளுக்கு அல்ல என்று வைத்துக்கொள்ளுங்கள். நொண்டி நொண்டி நடக்க முடிகிறதே, பாதத்தைக் கொஞ்சம் அசைக்க முடிகிறதே என்று தைலம் தடவி வீட்டில் உட்கார்ந்துவிடுகிறார்கள். மற்ற தசைகள் உதவுவதால் தசைநார் முழுதாக அறுந்திருந்தாலும் அவ்வளவு முடியும். குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலை அழுத்தினால் பாதம் கீழ்நோக்கி அசையவேண்டும். அசையவில்லை என்றால் அறுந்திருக்கும் சந்தேகம் வலுவானது. சோதனைக்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது. வாரக்கணக்கில் தள்ளிப்போட்டு வந்தால் சிகிச்சை பலமடங்கு சிக்கலாகிவிடும்.

இந்தத் தசைநாரைப் பற்றி 2013-இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஒரு கண்டுபிடிப்பு இன்னமும் எனக்கு ஆச்சரியம்தான். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏகமாகக் கூடியது. அந்தந்தக் காலத்தில் உருவான திசுக்களில் அந்தக் கணக்கு பதிவாகியிருக்கும். அதை வைத்துப் பார்த்ததில், அகில்லஸ் தசைநாரின் மையப்பகுதி பெரும்பாலும் 17 வயதுக்குள் உருவானது, அதன் பிறகு அநேகமாகப் புதுப்பிக்கப்படுவதே இல்லை என்று தெரிந்தது. தசை சில வாரப் பயிற்சியில் தேறிவிடும். தசைநாருக்கு மாதங்கள் வேண்டும். அதனால்தான் "ரெண்டு வாரமா ஓடுறேன், நல்லா தெம்பா இருக்கு, மேட்ச் ஆடலாமா?" என்று கேட்பவருக்கு நான் உடனே சரி சொல்வதில்லை. தெம்பு தசையில் வந்திருக்கும், தசைநாரில் வந்திருக்காது.

தொழில்முறை வீரர்களுக்கே இது பொருந்தும். 2011-இல் என்எஃப்எல் என்ற அமெரிக்கன் ஃபுட்பால் லீகில் (நம்ம ஊர்க் கால்பந்து அல்ல) உரிமையாளர்களுக்கும் வீரர்களுக்கும் தகராறு வந்து மாதக்கணக்கில் கிளப்களின் கதவு மூடியிருந்தது. வழக்கமாகப் படிப்படியாக நடக்கும் பயிற்சி இல்லாமல் வீரர்கள் நேராக முகாமுக்கு வந்தார்கள். முதல் 12 நாட்களில் மட்டும் 10 பேருக்கு அகில்லஸ் அறுந்தது. இளவயது, முழுநேர வேலையே உடம்பைப் பேணுவது, கூடவே மருத்துவக் குழு. அவர்களுக்கே இந்த நிலை.

இதயத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லவேண்டும். மாரடைப்பு வந்து பிழைத்த 1,228 பேரிடம் விசாரித்து 1993-இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வெளியானது. கடும் உழைப்புக்குப் பிந்தைய ஒரு மணி நேரத்தில், வாரத்துக்கு ஐந்து தடவையோ அதற்கு மேலோ உடற்பயிற்சி செய்பவர்களுக்கு மாரடைப்பு அபாயம் 2.4 மடங்குதான் கூடியது. உட்கார்ந்தே இருப்பவர்களுக்கு 107 மடங்கு. அந்த ஒரு மணி நேரத்துக்கான கணக்கு இது, பயந்துபோய் நாற்காலியிலேயே இருக்கச் சொல்லும் கணக்கு அல்ல. தயாராகாமல் இறங்குவதுதான் பிரச்சினை என்று அது காட்டுகிறது.

'நான் அத்லெட், எனக்கு ஹார்ட் பிராப்ளம் வராது' என்பது பழைய வீரர்களிடம் ஆழமாக ஊறிப்போன நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ரால்ஃப் பஃபன்பார்கர் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் படித்த 16,936 பேரைப் பல வருஷம் பின்தொடர்ந்து, 1978-இல் முடிவுகளை வெளியிட்டார். பல்கலைக்கழக அணியில் ஆடியவர்களில், பிற்காலத்திலும் சுறுசுறுப்பாக இருந்தவர்களுக்கு மட்டுமே மாரடைப்பு அபாயம் குறைவாக இருந்தது. ஆட்டத்தை விட்டு உட்கார்ந்துவிட்டவர்களுக்குப் பழைய பதக்கம் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை. படிக்கும்போது எதுவும் ஆடாமல், பிறகு சுறுசுறுப்பான வாழ்க்கைக்கு மாறியவர்கள் அவர்களைவிட நல்ல நிலையில் இருந்தார்கள்.

சரி, ரசிகர் பக்கம் வருவோம். ஆட்டத்தை உயிராக நேசிப்பதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. நல்ல ஆட்டத்தை ரசிக்க ஆழ்ந்த அறிவு வேண்டும். ஆனாலும் பார்த்துப் பெறும் அறிவு வேறு, ஆடிப் பெறும் அறிவு வேறு. 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் கூடைப்பந்து வீரர்களையும், பயிற்சியாளர்கள், விளையாட்டுப் பத்திரிகையாளர்கள் போன்ற தேர்ந்த பார்வையாளர்களையும் உட்காரவைத்து, பந்து எறியும் காட்சியை நடுவிலேயே நிறுத்தி, கூடைக்குள் போகுமா என்று கேட்டார்கள். வீரர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமாகவும் சரியாகவும் சொன்னார்கள், அதுவும் பந்து கையை விடும் முன்பே, எறிபவரின் உடல் அசைவை வைத்து. பார்க்கும்போது அவர்களின் சுண்டுவிரல் தசைக்குப் போகும் நரம்புப் பாதையிலேயே, தவறப்போகும் எறிதலுக்குத் தனி மாற்றம் தெரிந்தது. பழைய ஆட்டக்காரர் டிவி முன் உட்கார்ந்திருக்கும்போது கால் தானாகத் துடிப்பதற்கு இப்படி ஒரு அடிப்படை இருக்கிறது. அந்தத் துடிப்பையே ஃபிட்னஸ் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான்.

பார்ப்பதே உடம்புக்குச் சுமையாகும் நேரமும் உண்டு. 2006 உலகக் கோப்பை கால்பந்து ஜெர்மனியில் நடந்தபோது மியூனிக் வட்டாரத்தில் இதய அவசர நேர்வுகளைக் கணக்கெடுத்தார்கள். ஜெர்மனி ஆடிய நாட்களில் அவை 2.66 மடங்காகின, ஆண்களில் 3.26 மடங்கு. ஆட்டம் தொடங்கிய முதல் இரண்டு மணி நேரத்தில்தான் உச்சம். ஏற்கெனவே இதய ரத்தக்குழாய் நோய் இருந்தவர்கள் அதிகம் பாதிக்கப்பட்டார்கள். உங்களுக்கு அந்த நோய் இருந்தால் முக்கிய ஆட்ட நாளில் மாத்திரையைத் தவறவிடாதீர்கள், சிகரெட்டும் மதுவும் வேண்டாம், இடைவேளையில் எழுந்து நடங்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத வியர்வை வந்தால் ஆட்டம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். கடைசி ஓவரோ பெனால்டி ஷூட்அவுட்டோ, எதுவானாலும் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய வீரர்களைத் தடுக்கும் இன்னொன்று வெட்கம். "முன்னாடி மாதிரி ஆட முடியலைன்னா எதுக்கு டாக்டர் ஆடணும்?" என்று கேட்டவர்கள் நிறைய பேர். மெதுவாக ஓடுவதை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று நினைக்கிறார்கள். ஒன்று முழு வேகம், இல்லையென்றால் சோபா, நடுவில் எதுவும் கிடையாது. இந்த மனநிலையை நான் கேலியாகப் பார்ப்பதில்லை. ஆட்டத்தால் தன்னை அடையாளம் கண்டவருக்கு அது உண்மையான இழப்பு. அதனால் பழைய ஆட்டத்தை அளவுகோலாக வைக்காமல், போன மாதம் எவ்வளவு முடிந்தது என்பதை வைத்து அளக்கச் சொல்கிறேன். டாலஸ் ஆய்வின் மீதிக் கதையையும் சொல்வேன். ஐம்பது வயதில் அந்த 5 பேருக்கும் ஆறு மாதம் படிப்படியான பயிற்சி கொடுத்ததில், முப்பது வருஷத்தில் குறைந்திருந்த ஆக்சிஜன் திறன் 1966-இன் தொடக்க அளவுக்கே திரும்பிவிட்டது.

திரும்ப ஆட நினைப்பவர்களுக்கு நான் வழக்கமாகக் கொடுக்கும் வழி மூன்று மாதக் கணக்கு. முதல் சில வாரம் பேசிக்கொண்டே போகக்கூடிய வேகத்தில் நடை, கூடவே குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சியும் ஸ்குவாட்டும். ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறை சீராக உயர்த்த முடியாதவர் தாவி ஆடும் ஆட்டத்துக்கு இறங்கவேண்டாம். அடுத்து மெதுவான ஓட்டம். அதற்கும் பின்னால்தான் சட்டென்று நிற்பது, திரும்புவது, குதிப்பது. மறுநாள் காலை குதிகால் இறுகி வலித்தால் முந்தைய நாள் சுமை அதிகம் என்று பொருள், ஒரு படி இறங்கவேண்டும். ஃபுட்பால் ஆடுகிறவர்கள் ஃபிஃபா 11+ வார்ம் அப்பைக் கற்றுக்கொள்ளலாம். 20 நிமிஷம் பிடிக்கும். ஒழுங்காகச் செய்கிற அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கின்றன. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இவற்றில் ஏதாவது இருந்தால் இதில் எதையும் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

ஆடியே இராதவர்களுக்கும் இதே வழிதான், இன்னும் மெதுவாக. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குச் சொன்ன அளவு, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உழைப்பு, இரண்டு நாளாவது தசை வலுப் பயிற்சி. அதை எட்ட எந்தப் பதக்கமும் முன்தேவை இல்லை.

அப்புறம், மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்ட்டிடமோ போகும்போது உங்கள் விளையாட்டு வரலாற்றை இப்படிச் சொல்லுங்கள்: எந்த வயதில் என்ன ஆடினீர்கள், எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள், கடைசி மூன்று மாதத்தில் வாரத்துக்கு எத்தனை நாள் வியர்க்க உழைத்தீர்கள். பழைய காயங்களை ஒன்று விடாமல் சொல்லுங்கள். முழங்காலில் முன் சிலுவை ஜவ்வு (ஏசிஎல்) கிழிந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு 10 முதல் 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் தெரிய ஆரம்பிக்கிறது, ஆபரேஷன் செய்திருந்தாலும்கூட. சமீபத்தில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்கையும் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகள் தசைநார் அறும் அபாயத்தைக் கூட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-லேயே கடும் எச்சரிக்கை அச்சிடவைத்தது. சிறுநீர்த் தொற்றுக்கு ஐந்து நாள் சாப்பிட்ட மாத்திரைக்கும் குதிகாலுக்கும் என்ன சம்பந்தம் என்று நோயாளிக்குத் தோன்றாது. கேட்டால்தான் வரும், கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிடுங்கள்.