நுழைவாயிலில் யார் பெயர், முதலீடு யார் பணம்?

வெளிநாட்டுத் தீம் பார்க் ஒன்று சீனாவுக்குப் போகிறது என்று செய்தி வந்தால் போதும், "அந்தக் கம்பெனி பங்கை வாங்கலாமா?" என்று கேட்டு யாராவது வருவார்கள். பிராண்டு உரிம ஒப்பந்தங்களைப் படித்துச் சொல்வது என் தொழில். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: கம்பெனி கைக்காசு போட்டிருக்கிறதா, பெயரை மட்டும் வாடகைக்கு விட்டிருக்கிறதா?

ஷாங்காய் டிஸ்னியைப் பாருங்கள். 2016 ஜூனில் திறந்தது. செலவு ஏறத்தாழ 550 கோடி டாலர். அதில் டிஸ்னியின் பங்கு 43 சதவீதம்தான். மீதி 57, ஷாங்காய் அரசு சார்ந்த ஷெண்டி குரூப்புக்கு. அப்படியானால் டிஸ்னி சின்னப் பங்காளிதானா என்று தோன்றும். அங்கேயே நிறுத்திவிடக் கூடாது. பார்க்கை நடத்துவதற்கென்று தனியாக ஒரு நிர்வாகக் கம்பெனி இருக்கிறது. அதில் டிஸ்னிக்கு 70, ஷெண்டிக்கு 30. ஆக, அன்றாட நிர்வாகம் டிஸ்னி கையில். லாபத்தில் பங்கு போக ராயல்டியும் (பெயரைப் பயன்படுத்தத் தரும் கட்டணம்) நிர்வாகக் கட்டணமும் தனியாக வரும். ஆனால் பார்க் படுத்தால் போட்ட பணமும் சேர்ந்து படுக்கும். அந்த பயம் இருப்பதால்தான் சீனக் குடும்பங்களுக்கு என்ன பிடிக்கும் என்று மெனக்கெட்டார்கள். மற்ற டிஸ்னி பார்க்குகளில் இருக்கும் அமெரிக்கக் கடைத்தெருவையே எடுத்துவிட்டு, பன்னிரண்டு ராசி விலங்குகளுக்குத் தோட்டம் வைத்தார்கள்.

சிக்ஸ் ஃபிளாக்ஸ் என்ற அமெரிக்கத் தீம் பார்க் கம்பெனி போனது வேறு வழி. 2014-ல் ரிவர்சைடு என்ற சீன ரியல் எஸ்டேட் நிறுவனத்துடன் கைகோத்தது. செஜியாங், சோங்சிங், நான்ஜிங் என்று 10-க்கும் மேற்பட்ட பார்க்குகள் அறிவிப்பில் இருந்தன. நிலம், கட்டுமானம், கடன் எல்லாம் ரிவர்சைடு பாடு. சிக்ஸ் ஃபிளாக்ஸ் பெயரையும் வடிவமைப்பையும் தரும். வேலை நடக்க நடக்க ஃபீஸ் வரும். முதலே போடாமல் வருமானம், கேட்க ஜோராகத்தான் இருக்கிறது! ஆனால் திறப்பு தேதி தள்ளிப்போனதும், ஏற்கெனவே கணக்கில் காட்டிய வருமானத்தைக் குறைத்து எழுத வேண்டி வந்தது. பிறகு ரிவர்சைடு தவணை கட்டத் தவறியது. 2020 ஜனவரியில் விஷயம் வெளியே வர, அமெரிக்காவில் பங்கு விலை சரிந்தது. அடுத்த மாதமே ஒப்பந்தம் ரத்து. ஒரு பார்க்கும் திறக்கவில்லை.

ராட்டினம் ஓட்டிப் பழக்கமில்லாத கட்டுமான நிறுவனம் தீம் பார்க்குக்கு ஏன் ஆசைப்படுகிறது? சீனாவில் நிலம் தனியாருக்குச் சொந்தமாகாது. பயன்பாட்டு உரிமை மட்டுமே கிடைக்கும். வணிக, சுற்றுலா நிலத்துக்கு 40 ஆண்டு, வீட்டு நிலத்துக்கு 70. பார்க்கைக் காட்டினால், நிலம் தரும் உள்ளூர் நிர்வாகம் மனம் இளகும், பக்கத்திலேயே அடுக்குமாடி கட்டி விற்கலாம். இந்தப் போக்கு அளவு மீறியதால்தான் 2018-ல் சீன மத்திய அரசே கட்டுப்பாடு கொண்டுவந்தது. வீட்டு விற்பனை சுணங்கினால் பார்க்குக்கான பணமும் நின்றுவிடும்.

உள்ளூர்ப் பெயர் என்றால் மட்டும் தப்பித்துவிடுமா? சீன ரியல் எஸ்டேட் குழுமமான வான்டாவின் தலைவர் வாங் ஜியான்லின், ஒரு புலியால் (டிஸ்னி) ஓநாய்க் கூட்டத்தை (தன் பல பார்க்குகளை)ச் சமாளிக்க முடியாது என்று 2016-ல் டிஸ்னியைச் சீண்டினார். அடுத்த ஆண்டே தன் சுற்றுலாத் திட்டங்களின் பெரும்பங்கை சுனாக்கிடம் விற்றார். சுனாக்கும் ரியல் எஸ்டேட்காரர்தான். 2022-ல் அதுவும் கடனைக் கட்டத் தவறியது.

2021-ல் திறந்த பெய்ஜிங் யுனிவர்சல் பார்க்கும் ஷாங்காய் டிஸ்னி ரகம்தான்: யுனிவர்சலுக்கு 30, அரசு சார்ந்த உள்ளூர்க் கம்பெனிக்கு 70. 2025 ஜூலையில் திறந்த ஷாங்காய் லெகோலேண்டும் கூட்டு முதலீடுதான்.

சரி, உங்கள் கையில் இருப்பது ஆண்டறிக்கை மட்டும் என்றால் என்ன செய்வது? சீனப் பார்க் எந்தத் தலைப்பில் வருகிறது என்று பாருங்கள். ஃபீஸ் வருமானத்தில் மட்டும் வந்தால், அந்த ஃபீஸைக் கட்டுகிறவர் யார், அவருடைய முக்கிய வியாபாரம் என்ன, இன்னும் அவர் யாருக்கெல்லாம் பாக்கி வைத்திருக்கிறார் என்று தேடுங்கள். அப்புறம், திறப்பு தேதி சென்ற ஆண்டு அறிக்கையில் என்ன இருந்தது, இந்த ஆண்டு என்ன இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.