போர்ட்ரெய்ட்டுக்கும் க்ளோசப்புக்கும் ஒரே லென்ஸ்: எந்த எண்ணைப் பார்ப்பது?

முகம் எடுக்க ஒரு லென்ஸ் வேண்டும். மோதிரம், குழந்தையின் விரல், பூ என்று கிட்டத்தில் எடுப்பதற்கும் அதுவே போதுமானதாக இருக்க வேண்டும். கேமராவில் ஓரளவு கை பழகியவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். நியாயமான ஆசை. ஆனால் வாங்கும்போது பலர் பார்ப்பது அப்பர்ச்சர் (வெளிச்சம் நுழையும் திறப்பு) எவ்வளவு, லென்ஸ் மேல் 'மேக்ரோ' (மிகக் கிட்டத்தில் எடுப்பது) என்று போட்டிருக்கிறதா என்ற இரண்டை மட்டும்தான். விவரப் பட்டியலின் கடைசியில் 'மேக்ஸிமம் மேக்னிஃபிகேஷன்' என்று ஓர் எண் இருக்கும். பொருளின் உண்மை அளவில் அதிகபட்சம் எத்தனை பங்கு சென்சாரில், அதாவது கேமராவுக்குள் படம் பதியும் இடத்தில், விழும் என்பதைச் சொல்லும் எண் அது. முதலில் அதைப் பாருங்கள்.

85 மி.மீ. எஃப் 1.8 (எஃப் எண் குறைந்தால் அப்பர்ச்சர் பெரிது) போர்ட்ரெய்ட் லென்ஸ்களில் அந்த எண் பெரும்பாலும் 0.12, 0.13 என்றுதான் இருக்கும். சுமார் 80 செ.மீ.க்கு உள்ளே போனால் ஃபோகஸ் ஆகாது. 20 மி.மீ. அகலமுள்ள ஒரு மோதிரம் சென்சாரில் வெறும் 2.4 மி.மீ. அளவில் விழும். ஃபுல் ஃப்ரேம் (பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு) சென்சாரின் உயரம் 24 மி.மீ., அதாவது பத்தில் ஒரு பங்கு. 24 மெகாபிக்சல் கேமராவில் அந்த மோதிரத்துக்குக் கிடைப்பது சுமார் 400 பிக்சல். க்ராப் செய்தால் தேறாது.

1:1 மேக்ரோ என்றால் அதே மோதிரம் அதே 20 மி.மீ. அளவில் சென்சாரில் விழும், ஃப்ரேமே நிறைந்துவிடும். 1:2 என்றால் 10 மி.மீ. சில ஜூம் லென்ஸ்களில் 1:3, 1:4க்கே 'மேக்ரோ' என்று அச்சிட்டுவிடுகிறார்கள். எழுத்தை நம்ப வேண்டாம், எண்ணை நம்புங்கள்.

சரி, 90 முதல் 105 மி.மீ. வரையிலான எஃப் 2.8 மேக்ரோ லென்ஸ் வாங்கினால் போர்ட்ரெய்ட்டில் பின்னணி மங்காதே என்று ஒரு பயம் உண்டு. ஒரே ஃப்ரேமிங்கில், தூரத்துப் பின்னணி எவ்வளவு மங்கும் என்பதை ஃபோக்கல் லெங்த்தை (லென்ஸின் மி.மீ. எண்) அப்பர்ச்சர் எண்ணால் வகுத்தே கணக்குப் போட்டுவிடலாம். 85ஐ 1.8ஆல் வகுத்தால் 47. 100ஐ 2.8ஆல் வகுத்தால் 36. பலரும் முதலில் வாங்கும் 50 மி.மீ. எஃப் 1.8க்கு 28தான். மேக்ரோவில் மங்கல் கொஞ்சம் குறையும், அவ்வளவே. உண்மையில் இழப்பது வெளிச்சத்தை: ஒன்றேகால் ஸ்டாப்புக்கு மேல் (ஒரு ஸ்டாப் குறைந்தால் வெளிச்சம் பாதியாகும்). மங்கிய வெளிச்ச அறைகளில் அதிகம் எடுப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மேக்ரோ லென்ஸ் தோலின் ஒவ்வொரு துளையையும் காட்டிவிடும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். பக்கவாட்டிலிருந்து கடுமையான வெளிச்சம் விழுந்தால் எந்த நல்ல லென்ஸும் காட்டத்தான் செய்யும். லைட்டை மாற்றுங்கள்.

எனக்குப் பெரிதாகப் படுவது ஆட்டோஃபோகஸ்தான். மேக்ரோ லென்ஸ் கிட்டத்திலிருந்து தூரம் வரை நீண்ட வழி போய்வர வேண்டும். ஆள் லேசாக அசைந்து ஃபோகஸ் தவறினால், முழுக்க ஒரு சுற்று போய்த் திரும்புவதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடும். லென்ஸின் பக்கத்தில் ஃபோகஸ் லிமிட்டர் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். போர்ட்ரெய்ட் எடுக்கும்போது கிட்டத்து தூரத்தை அதில் அடைத்துவிடலாம்.

1:1 வரை போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயம். அங்கே எஃப் 8 வைத்தாலும் ஃபோகஸில் இருப்பது சுமார் ஒரு மில்லிமீட்டர் ஆழம்தான். மோதிரத்தின் கல் தெளிவாக இருந்தால் வளையம் மங்கும். அப்புறம், 100 மி.மீ. லென்ஸிலேயே லென்ஸ் முனைக்கும் பொருளுக்கும் நடுவே ஒரு சாண்கூட இடைவெளி இருக்காது. 50, 60 மி.மீ. மேக்ரோவில் அது இன்னும் குறைந்து, லென்ஸின் நிழலே பொருள்மேல் விழும்.

ஆகவே பூச்சியின் கண் வரை போகிறவர்கள் தாராளமாக 1:1 வாங்கலாம். முகமே முக்கிய வேலை, மோதிரமும் பிஞ்சு விரலும் இடையிடையே என்றால் 1:2 போதும் என்பது என் கணிப்பு. 1979இல் வந்து பெயர் வாங்கிய டாம்ரான் 90 மி.மீ. எஃப் 2.5 லென்ஸும் 1:2தான். இன்றைய கேனான் ஆர்எஃப் 85 மி.மீ. எஃப் 2 மேக்ரோவும் அதே ரகம். ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய கிராப் சென்சார் கேமராவில் 60 மி.மீ. மேக்ரோவே ஏறக்குறைய 90 மி.மீ. கோணம் தந்துவிடும், அங்கே 100 மி.மீ. மாட்டினால் சின்ன அறையில் சுவர் முதுகில் இடிக்கும்.

ஏற்கெனவே 85 வைத்திருப்பவர்கள் புது லென்ஸுக்கு ஓடுவதற்கு முன் கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் ட்யூப் ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். 25 மி.மீ. ட்யூப் மாட்டினால் 0.12 என்பது ஏறக்குறைய 0.4 ஆகும். உள்ளே கண்ணாடி இல்லாத வெறும் குழாய் என்பதால் விலையும் குறைவு. ஆட்டோஃபோகஸ் வேண்டுமென்றால் மின் தொடர்பு பின்கள் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ட்யூப் இருக்கும்வரை தூரத்தில் ஃபோகஸ் ஆகாது. முகம் எடுக்கும் முன் கழற்றிவிட வேண்டும்.