ஹாம்ஸ்டர் கூண்டும் குழந்தையின் இரவு இருமலும்

சிங்கப்பூரில் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுப் பிள்ளை செல்லப்பிராணி கேட்டு அடம்பிடித்தால், பெரும்பாலும் வந்து சேர்வது ஹாம்ஸ்டர்தான். விலை குறைவு, சத்தம் இல்லை, நடக்கக் கூட்டிப் போக வேண்டாம். கூண்டைப் பிள்ளையின் படுக்கையறையிலேயே வைத்துவிடுகிறார்கள். சில மாதங்கள் கழித்து இரவில் இருமல், காலையில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு என்று தொடங்குகிறது. தூசி, ஏர்கான், புகைமூட்டம் என ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு, மெத்தை உறை வரை மாற்றிப் பார்த்த பிறகுதான் மேசைமேல் இருக்கும் கூண்டின் பக்கம் பார்வை திரும்புகிறது. ஹாம்ஸ்டர், கினி பிக், வெள்ளை எலி எல்லாம் எளிதில் கிடைக்கும் சென்னையிலும் இதே கதைதான்.

இதில் மருத்துவர்கள் பக்கமும் ஒரு குறை உண்டு. இளைப்போடு வரும் பிள்ளையின் பெற்றோரிடம் "வீட்டில் நாய், பூனை இருக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்றுதான் சொல்வார்கள். பொய் இல்லை, கேட்ட கேள்விக்கு அதுதான் பதில். "கூண்டில் எதுவும் வளர்க்கிறீர்களா? எந்த அறையில்?" என்று கேட்க வேண்டும். மருத்துவர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

முடி காரணமல்ல

ஒவ்வாமையைத் தூண்டுவது முடி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் தூண்டுவது புரதங்கள். பெரும்பாலும் லிப்போகாலின் என்ற குடும்பத்தைச் சேர்ந்தவை. இவை எலியினங்களின் சிறுநீரிலும் உமிழ்நீரிலும் தோல் செதிலிலும் இருக்கின்றன. சுண்டெலியில் முதன்மையானது மஸ் எம் 1. அது கல்லீரலில் உருவாகிச் சிறுநீரில் வெளியேறுகிறது. பெண் எலியைவிட ஆண் எலி பல மடங்கு அதிகமாக வெளியேற்றும். கினி பிக்கில் உமிழ்நீர்ப் புரதங்களின் பங்கு பெரிது. அது உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும்போது முடி முழுக்க உமிழ்நீர் படிந்து காய்கிறது. ஆகவே "முடியே இல்லாத வகை, ஒவ்வாமை வராது" என்று சொல்லி விற்கும் ஸ்கின்னி பிக் என்ற கினி பிக் வகையை நம்பி வாங்காதீர்கள். அதற்கும் உமிழ்நீர் உண்டு, சிறுநீர் உண்டு.

சிறுநீர் ஈரமாக இருக்கும்வரை தொல்லை குறைவு. அது மரத்தூளில் ஊறிக் காய்ந்த பின், அந்தத் தூளின் மிக நுண்ணிய துகள்களோடு புரதமும் சேர்ந்து பறக்கிறது. அந்தத் துகள்கள் வெகு நேரம் காற்றிலேயே மிதக்கும். சிறியவை மூச்சுக்குழாயின் ஆழம்வரை போகும். ஹாம்ஸ்டர் இரவில் விழித்திருக்கும் பிராணி. விளக்கை அணைத்த பிறகுதான் சக்கரத்தில் ஓடும், தூளைத் தோண்டும், கூண்டின் ஓரத்தைக் கிளறும். அதே நேரத்தில் கதவைச் சாத்தி ஏர்கான் போட்டால், அறைக்குள் இருக்கும் காற்றே திரும்பத் திரும்பச் சுற்றுகிறது. பகலில் நன்றாக இருக்கும் பிள்ளை இரவு இரண்டு மணிக்கு இருமுவது இதனால்தான். வேறு எதையும் மாற்ற முடியாவிட்டாலும் கூண்டைப் படுக்கையறையைவிட்டு இன்றே வெளியே எடுத்துவிடுங்கள். செலவில்லாத வேலை, பலனும் இதில்தான் அதிகம்.

கடையில் கையில் எடுத்துப் பார்த்தோம், ஒன்றும் ஆகவில்லையே!

இது ஒரு பொய்யான நிம்மதி. ஒவ்வாமை முதல் தொடுதலில் வருவதில்லை. உடல் அந்தப் புரதத்தை அடையாளம் கண்டு, அதற்கென்று ஐஜிஈ என்ற, ஒவ்வாமையைத் தூண்டும் எதிர்ப்பொருளை உண்டாக்க மாதங்கள் ஆகலாம், ஆண்டுகளும் ஆகலாம். ஆய்வுக்கூடங்களிலும் மருத்துவக் கல்லூரி விலங்குக் கூடங்களிலும் எலிகளோடு வேலை செய்பவர்களிடம் இது நன்றாகத் தெரிந்த விஷயம். ஒவ்வாமை வருபவர்களில் பெரும்பாலோருக்கு வேலையில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளுக்குள் தும்மலும் கண் அரிப்பும் தொடங்கும். ஒரு பகுதியினருக்கு அது ஆஸ்துமாவாக முற்றும். வீட்டுக்கும் இதே கணக்குதான். கடையில் அரை மணி நேரம் கொஞ்சிப் பார்த்தது, ஏற்கெனவே ஒவ்வாமை இருந்தால் காட்டிக்கொடுக்கும். இனிமேல் வராது என்று உறுதி தராது. தூசிப்பூச்சிக்கோ பூனைக்கோ முன்பே ஒவ்வாமை உள்ள பிள்ளை என்றால் வாங்குவதற்கு முன் இரண்டு முறை யோசியுங்கள்.

செல்ல எலியே வளர்க்காத வீட்டிலும் எலி ஒவ்வாமை வரலாம். அமெரிக்கப் பெருநகரங்களின் உட்பகுதிகளில், ஆஸ்துமா உள்ள குழந்தைகளின் வீட்டுத் தூசியைச் சோதித்தபோது 95 விழுக்காட்டு வீடுகளில் ஓர் அறையிலாவது சுண்டெலியின் புரதம் இருந்தது. சமையலறைச் சுண்டெலிக்கும் கடையில் விற்கும் வெள்ளைச் சுண்டெலிக்கும் புரதம் ஒன்றே. கூண்டுக்குப் பக்கத்தில் தானியப் பையைத் திறந்து வைத்தால் வீட்டு எலியும் தேடி வரும். தீவனம் இறுக மூடிய டப்பாவில் இருக்கட்டும்.

சோதனை 'நெகட்டிவ்' என்றால்

தோலில் செய்யும் ஊசிமுனைச் சோதனையில், பிராணியின் புரதச் சாறு வைத்த இடம் வெறும் உப்புநீர் வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் பாசிட்டிவ். செட்ரிசின், லோராட்டடின் போன்ற ஒவ்வாமை மாத்திரைகளைச் சோதனைக்கு ஒரு வாரம் முன்பே நிறுத்த வேண்டும். சளி மருந்து சிரப்புகளில் குளோர்பெனிரமின் என்ற அதே வகை மருந்து ஒளிந்திருக்கும். அதையும் மறக்கக் கூடாது. ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் ஸ்டீராய்டை நிறுத்த வேண்டியதில்லை, நிறுத்தவும் கூடாது. இரத்தச் சோதனைக்கு எதையும் நிறுத்தத் தேவையில்லை.

பலரும் தடுக்கி விழும் இடம் இனிமேல்தான். கடைகளில் ஹாம்ஸ்டர் என்ற ஒரே பெயரில் விற்கப்படுபவை ஒரே இனமல்ல. உள்ளங்கை நிறையப் பெரிதாக, பொன்னிறமாக இருப்பது சிரிய ஹாம்ஸ்டர். கட்டைவிரல் அளவில், முதுகில் கருங்கோடு ஓடுவது சைபீரிய வகைக் குள்ள ஹாம்ஸ்டர். இரண்டின் ஒவ்வாமைப் புரதங்களும் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டவை. சோதனைக்கான சாறு சிரிய வகையிலிருந்து எடுத்ததாக இருந்தால், குள்ள ஹாம்ஸ்டருக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவருக்கும் முடிவு நெகட்டிவாக வரலாம். எனவே எந்த வகை என்று தெளிவாகச் சொல்லுங்கள். கைபேசியில் படம் எடுத்துப் போய்க் காட்டுங்கள். சந்தேகம் நீடித்தால் உங்கள் வீட்டுப் பிராணியின் முடியையே வைத்து ஒவ்வாமை நிபுணர் தம் மேற்பார்வையில் சோதிக்க முடியும். இதை வீட்டில் முயலக் கூடாது.

கினி பிக் வீடுகளில் வேறொரு குழப்பம். தும்மலுக்குக் காரணம் பிராணி அல்ல, அதற்குப் போடும் உலர்புல்லாகவும் இருக்கலாம். திமோத்தி புல்லில் மகரந்தமும் பூஞ்சையும் இருக்கும். நம் ஊர் ஈரப்பதத்தில் திறந்து கிடக்கும் பொட்டலத்தில் சேமிப்புப் பூச்சிகளும் பெருகும். பிராணியைத் தூக்கும்போது ஒன்றும் இல்லை, புல்லை உதறும்போது மட்டும் தும்மல் என்றால் புல்லைச் சந்தேகியுங்கள். வட்டமாக, ஓரம் செதில் செதிலாகத் தோலில் அரித்தால் அது படர்தாமரையாக இருக்கலாம். கினி பிக்கிடமிருந்து பிள்ளைகளுக்கு எளிதில் ஒட்டும். அதற்கு ஒவ்வாமை மாத்திரை கேட்காது, பூஞ்சைக்கான களிம்பு வேண்டும்.

கடித்த பிறகு வரும் ஆபத்து

குள்ள ஹாம்ஸ்டரின் கடியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் உமிழ்நீர்ப் புரதம் நேரே இரத்தத்துக்குள் போவது இந்தக் கடியில்தான். ஹாம்ஸ்டர் கடித்து அனஃபிலாக்சிஸ் (உடல் முழுவதையும் தாக்கும், உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை) வந்தவர்களைப் பற்றி ஜப்பானிலிருந்து பல மருத்துவக் குறிப்புகள் வந்துள்ளன; சிங்கப்பூர் ஆய்வாளர்களும் 2004-இல் எழுதியிருக்கிறார்கள். அரிதுதான், ஆனாலும் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். கூண்டருகே போனாலே தும்முகிறவர், முன்பு ஒரு கடிக்குக் கை முழுக்கத் தடித்தவர், ஆஸ்துமா உள்ளவர் மூவரும் ஹாம்ஸ்டரை வெறுங்கையால் எடுக்கவே கூடாது.

கடித்தால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு ஐந்து நிமிடம் கழுவுங்கள். அடுத்த அரை மணி நேரம் ஆளைத் தனியே விடாதீர்கள். கடித்த இடம் மட்டும் சிவந்து வீங்கினால் பயப்பட வேண்டியதில்லை. கடிபடாத இடங்களில் காணாக்கடி போலத் தடிப்பு, உதடு அல்லது கண்ணிமை வீக்கம், தொடர் இருமல், குரல் மாற்றம், இளைப்பு, வாந்தி, தலைசுற்றல் என்று ஏதாவது தொடங்கினால் காத்திருக்காதீர்கள். சிங்கப்பூரில் 995, தமிழ்நாட்டில் 108. ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். மூச்சுத்திணறினால் சாய்ந்து உட்காரட்டும். ஆனால் எழுந்து நடக்க விடாதீர்கள், திடீரென்று எழுந்தால் இரத்த அழுத்தம் சரிந்துவிடும்.

அட்ரினலின்தான் முதல் மருந்து, தொடையின் வெளிப்பக்கத் தசையில். அளவு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்: 20 கிலோ பிள்ளைக்கு 0.2 மில்லிகிராம். ஒரு மில்லிலிட்டரில் ஒரு மில்லிகிராம் உள்ள ஆம்பூலில் அது 0.2 மில்லிலிட்டர். பெரியவருக்கு ஒரு முறைக்கு 0.5 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். முன்னேற்றம் இல்லாவிட்டால் 5 முதல் 15 நிமிடத்தில் இன்னொரு முறை. மருத்துவர் தானியங்கி ஊசி எழுதித் தந்திருந்தால் அதை உடனே போடுங்கள். செட்ரிசின் கொடுத்துவிட்டு, கேட்கிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பது உயிரோடு விளையாடுவது. தேறிவிட்டாலும் சில மணி நேரம் மருத்துவமனையில் இருக்க வேண்டும், இரண்டாவது அலை வரலாம்.

கடித்து மூன்று முதல் பத்து நாளில் காய்ச்சல், மூட்டு வலி, சொறி வந்தால் அது ஒவ்வாமை அல்ல; எலிக்கடிக் காய்ச்சலாக இருக்கலாம். கடி பட்டதை மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

கூண்டு சுத்தம் செய்யும் நாள்

வாரத்தின் மோசமான அரை மணி நேரம் இதுதான். ஒவ்வாமை உள்ளவர் இதைச் செய்யக் கூடாது, அந்த நேரத்தில் வீட்டில் இல்லாமலிருப்பதே நல்லது. செய்பவருக்கு என்-95 முகக்கவசம், கையுறை, முழுக்கைச் சட்டை. துணி முகக்கவசம் இந்தத் துகள்களைத் தடுக்காது.

கூண்டை பால்கனிக்கோ சலவை இடத்துக்கோ எடுத்துப் போங்கள். மின்விசிறியை நிறுத்துங்கள், அறைக் கதவுகளைச் சாத்துங்கள். பிராணியை வேறு பெட்டிக்கு மாற்றிவிட்டு, பழைய தூள் முழுதும் நனையும்வரை நீர்த்தெளிப்பானால் தெளித்து ஒரு நிமிடம் விடுங்கள். சொட்டச் சொட்ட வேண்டாம், பறக்காத அளவுக்கு ஈரம் போதும். காய்ந்த தூளை அப்படியே கவிழ்த்துக் கொட்டுவதுதான் பெரும்பாலோர் செய்யும் தவறு. அந்த ஒரு நொடியில் தூசி மேகமாக எழும். நனைந்ததைப் பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பைக்குள் வையுங்கள். தட்டை வெந்நீரும் பாத்திரம் கழுவும் திரவமும் கொண்டு கழுவி, முழுக்கக் காய்ந்த பிறகே புதிய தூளை நிரப்புங்கள். ஈரத்தில் நிரப்பினால் பூசணம் பிடிக்கும். முடிந்ததும் சட்டையை மாற்றிக் குளித்துவிடுங்கள். தரையை விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

ஹாம்ஸ்டர் பெரும்பாலும் ஒரே மூலையில்தான் சிறுநீர் கழிக்கும். மரத்தூளை விரலால் விலக்கினால், அடியில் மஞ்சளாகக் கட்டிதட்டிக் கிடக்கும் இடம் தெரியும். அந்த மூலையில் மண் நிரப்பிய சிறு தட்டை வைத்து, நனைந்த மண்ணை மட்டும் தினமும் ஒரு கரண்டியால் அள்ளி எடுத்தால் காற்றில் பறக்கும் புரதம் குறையும். முழுச் சுத்தத்தையும் அதற்கேற்ப இடைவெளி விட்டுச் செய்யலாம். அப்போதும் சுத்தமான பழைய தூளில் ஒரு கைப்பிடியைத் திரும்பப் போடுங்கள். தன் வாசனையே இல்லாத கூண்டில் அது மிரளும். மாவு போன்ற மரத்தூளைத் தவிருங்கள். தூசி நீக்கிய காகிதத் துண்டுகள் நல்லது. தேவதாரு, பைன் வகை மரத்தூளின் ஆவியே சிலருக்கு மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும்.

கொடுத்துவிடுவதா, வைத்திருப்பதா?

மூக்கொழுகலும் தும்மலும் மட்டும் என்றால், கூண்டை இடம் மாற்றி, மேலே சொன்னபடி சுத்தம் செய்து, மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு மருந்தோடு சமாளித்துப் பார்க்கலாம். ஹெப்பா காற்று வடிகட்டி கொஞ்சம் உதவும், மூலத்தை அகற்றாது. இளைப்பு வருகிறது, இன்ஹேலர் அடிக்கடி தேவைப்படுகிறது, அல்லது கடித்து உடல் முழுக்கத் தடித்திருக்கிறது என்றால் பிராணிக்கு வேறு வீடு பார்ப்பதே எங்கள் தெளிவான பரிந்துரை. "ஹாம்ஸ்டர் இரண்டு வருடம்தானே இருக்கும், ஓட்டிவிடலாம்" என்று பெற்றோர் சொல்வதுண்டு. வளரும் பிள்ளையின் நுரையீரலுக்கு இரண்டு வருடம் சிறிய காலமல்ல. அது போனபின் இன்னொன்று வாங்காத வீடும் குறைவு.

பூங்காவில் கொண்டுபோய் விடாதீர்கள். சிங்கப்பூரில் அது குற்றம். கூண்டில் பிறந்த பிராணி வெளியே பிழைக்கவும் பிழைக்காது. பிள்ளையிடம் சொல்லாமல் இரவோடு இரவாக அகற்றுவதும் வேண்டாம். தெரிந்த குடும்பத்துக்கு, கூண்டும் தீவனமுமாகப் பிள்ளையின் கையாலேயே கொடுக்க வையுங்கள்.

பிராணி போன மறுநாளே இருமல் நிற்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பூனை இருந்த வீடுகளில் அதன் புரதம் குறைய நான்கு முதல் ஆறு மாதம்வரை ஆகிறது. இங்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். திரைச்சீலை, தலையணை உறை, மெத்தை விரிப்பு, பொம்மைகளை 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள். கூண்டு இருந்த மேசையின் பின்பக்கம், சுவர், ஏர்கான் வடிகட்டி மூன்றையும் ஈரத்துணியால் துடையுங்கள். அதுவரை பிள்ளையின் ஆஸ்துமா மருந்தை நீங்களாகக் குறைக்காதீர்கள்.