நீல லேசரின் முன் கண் இமைப்பு உதவாது

கையடக்க நீல லேசரால் பார்வை பாதிக்கப்பட்டு வருபவர்களிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: "நான் உற்றுப் பார்க்கவே இல்லை டாக்டர், உடனே கண்ணை மூடிக்கொண்டேன்." அவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் ஒரு வாட்டோ அதற்கு மேலோ திறன் கொண்ட ஒளிக்கற்றையின் முன் அந்த வேகம் போதாது. விழித்திரை மருத்துவர் என்ற முறையில், இந்தக் கருவியை வாங்கும் முன்பே ஒவ்வொருவரும் தெரிந்திருக்க வேண்டியது இது என்று கருதுகிறேன்.

டார்ச் விளக்கைப் போலத் தோன்றும் இக்கருவியின் உள்ளே இருப்பது, காலியம் நைட்ரைடு, இண்டியம் காலியம் நைட்ரைடு ஆகியவற்றின் மெல்லிய அடுக்குகளால் ஆன மிகச் சிறிய டயோடு. மின்சாரம் பாயும்போது, சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஓர் அடுக்கில் எலக்ட்ரான்களும், எலக்ட்ரான் இல்லாத காலியிடங்களான 'துளைகளும்' இணைந்து ஒளியை உமிழ்கின்றன. மின்னோட்டம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டியதும், அந்த ஒளி படிகத்தின் இரு முனைகளுக்கிடையே முன்னும் பின்னும் எதிரொளித்து, தன்னை ஒத்த ஒளித்துகள்களை மேலும் மேலும் தூண்டி வெளியேற்றுகிறது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நாகமுரா 1990களின் நடுப்பகுதியில் இவ்வகை டயோடு லேசரைச் செய்து காட்டினார்; நீல எல்இடி விளக்குக்காக, அகசாகி, அமானோ ஆகியோருடன் சேர்ந்து 2014இல் இயற்பியல் நோபல் பரிசும் பெற்றார். பின்னர் புரொஜெக்டர்களுக்காக 450 நானோமீட்டர் அலைநீளத்தில் பல வாட் திறனுள்ள டயோடுகள் பெருமளவில் தயாரிக்கப்பட்டன. அந்த டயோடுடன் லித்தியம் அயான் பேட்டரி, மின்னோட்டத்தைச் சீராக்கும் சுற்று, வெப்பத்தைக் கடத்தும் உலோக உறை, கற்றையை ஒழுங்குபடுத்தும் ஒரு லென்ஸ் ஆகியவற்றைச் சேர்த்தால் இக்கருவி ஆகிவிடும். செலவாகும் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் வெப்பமாகவே போவதால்தான் அதைச் சிறிது நேரம் இயக்கியதும் அணைத்து ஆறவிடச் சொல்கிறார்கள்.

இனி கண்ணுக்கு வருவோம். கருவிழியும் கண்ணின் லென்ஸும் இணைகற்றையாக வரும் ஒளியை விழித்திரையில் ஒன்றிரண்டு நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள புள்ளியாகக் குவிக்கின்றன. இதனால் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஆற்றல், கருவிழியில் இருந்ததைவிட ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு பெருகுகிறது. நண்பகல் சூரியனை நேராகப் பார்க்கும்போதுகூடக் கண்ணுக்குள் நுழைவது சில மில்லிவாட் மட்டுமே. அதுவும் விழித்திரையில் இதைவிடப் பெரிய வட்டமாகப் பரவுகிறது. இங்கோ ஆயிரம் மில்லிவாட் ஒரே புள்ளியில் இறங்குகிறது. இமை மூடுவதற்குச் சுமார் கால் நொடி ஆகும். அதைக் கணக்கில் கொண்டே பாதுகாப்பு விதிகள் இரண்டாம் வகுப்பு லேசருக்கு 1 மில்லிவாட் என்று வரம்பு வைத்தன. 500 மில்லிவாட்டைத் தாண்டியவை யாவும் மிக ஆபத்தான நான்காம் வகுப்பு. அவற்றின் முன் விழித்திரை கருகுவதற்குக் கால் நொடியில் மிகச் சிறிய பகுதியே போதும்.

நீல நிறத்துக்கென்று இன்னொரு கேடும் உண்டு. நான் அதிகம் அஞ்சுவது அதற்குத்தான். 450 நானோமீட்டர் ஒளியை நம் கண் மிக மங்கலாகவே உணர்கிறது. அதே திறனுள்ள பச்சை லேசர் அதைவிட இருபது மடங்குக்கும் மேல் பிரகாசமாகத் தெரியும். எனவே "அவ்வளவு கூசவில்லையே" என்ற எண்ணம், ஆபத்தைக் குறைத்து மதிப்பிட வைக்கிறது. விழித்திரையின் நடுவிலுள்ள மாகுலாவின் மஞ்சள் நிறமி, நீல ஒளியையே அதிகம் உறிஞ்சுகிறது. முகம் அறிவதற்கும் எழுத்து வாசிப்பதற்கும் நாம் நம்பியிருக்கும் இடம் அதுவே. அங்கே தழும்பு விழலாம், இரத்தம் கசியலாம், மாகுலாவில் துளையே விழுந்துவிடலாம். விழித்திரைக்கு வலி உணர்வு இல்லாததால், காயப்பட்டவர் அதை உடனே உணராமலும் போகலாம்.

கற்றை நேராகக் கண்ணில் பட்டால்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். கண்ணாடி, கைக்கடிகாரம், தொலைபேசித் திரை, பளபளப்பான ஓடு ஆகியவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியே பலருக்குக் காயம் ஏற்படுத்துகிறது. நான்காம் வகுப்பில், பளபளப்பில்லாத சுவரில் விழும் புள்ளியை அருகிலிருந்து பார்ப்பதும் பாதுகாப்பானதன்று. 1 வாட் திறனும் 1 மில்லிரேடியன் விரிவும் (மீட்டருக்கு 1 மில்லிமீட்டர் வீதம் அகலும்) உள்ள கற்றை, இமைப்பு நேரத்தைக் கணக்கில் கொண்டாலும் ஏறத்தாழ 220 மீட்டர் வரை கண்ணுக்குத் தீங்கானது. அந்தத் தொலைவுக்குள் நிற்கும் குழந்தைக்குக் கருவி யார் கையில் இருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருக்காது.

கருவியின் மேல் ஒட்டியுள்ள திறன் எண்ணையும் அப்படியே நம்ப இயலாது. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய நிறுவனம் 2013இல் 122 லேசர் சுட்டிகளைச் சோதித்தபோது, பச்சையில் ஏறத்தாழ 90 சதவீதமும் சிவப்பில் 44 சதவீதமும் பாதுகாப்பு விதிக்கு உட்படவில்லை. தீக்குச்சியைப் பற்றவைக்கும், கருநிறப் பலூனை வெடிக்கச் செய்யும் எந்த லேசரையும், அதன் மேல் "5 மில்லிவாட்டுக்குக் கீழ்" என்று எழுதியிருந்தாலும், நான் சுட்டியாக ஏற்க மாட்டேன்.

தொழில் நிமித்தம் பயன்படுத்தியே ஆக வேண்டியவர்கள், 450 நானோமீட்டருக்கென அச்சிடப்பட்ட ஒளியடர்த்தி எண் உள்ள பாதுகாப்புக் கண்ணாடியை அணிய வேண்டும்; அறையில் இருக்கும் அனைவருக்கும் அது வேண்டும். ஒளியடர்த்தி 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஒளி மட்டுமே உள்ளே வரும், அதாவது 1 வாட் 0.1 மில்லிவாட்டாகக் குறையும். வெயில் கண்ணாடி இதற்கு உதவாது. வேறு அலைநீளத்துக்கான லேசர் கண்ணாடியையும், கருவியுடன் இலவசமாக வரும் எண் குறிக்கப்படாத வண்ணப் பிளாஸ்டிக்கையும் நம்பக் கூடாது. அணிந்த கண்ணாடியை நம்பிக் கற்றையை நேராகப் பார்ப்பதும் கூடாது.

கண்ணில் பட்டுவிட்டால், வலி இல்லை என்று காத்திருக்காமல் அன்றே விழித்திரை மருத்துவரிடம் செல்லுங்கள். பார்வையின் நடுவே கருந்திட்டு, நேர்கோடு வளைந்து தெரிவது, ஒரு கண்ணில் மட்டும் எழுத்து மங்குவது ஆகியவை முக்கிய அறிகுறிகள். விழித்திரையின் அடுக்குகளை ஒளியால் படமெடுக்கும் ஓசிடி ஸ்கேனில் எந்த அடுக்கு பாதிக்கப்பட்டுள்ளது என்பது தெரியும். இரத்தக் கசிவு சில வாரங்களில் தானாகக் கரையக்கூடும். மாகுலாத் துளையை அறுவை சிகிச்சையால் பல நேரங்களில் மூட முடியும். பின்னாளில் புதிய இரத்தக் குழாய்கள் முளைத்தால் அதற்கு ஊசி மருந்து உண்டு. ஆனால் கருகிய ஒளியுணர் செல்களை மீண்டும் வளர்க்கும் சிகிச்சை எதுவும் இன்று எங்களிடம் இல்லை. வரும்போது கருவியின் அலைநீளம், திறன், எவ்வளவு தொலைவிலிருந்து பட்டது ஆகிய விவரங்களைக் குறித்து வாருங்கள். சிறுவர்களாக இருந்தால் திட்டாமல் கேளுங்கள், ஏனெனில் பயத்தில் அவர்கள் லேசரைப் பற்றிச் சொல்லாமல் மறைத்துவிட்டால், நாங்கள் வேறு நோய்களைத் தேடி நாட்களை இழக்க நேரிடும்.