அத்திவாரம் வெட்டுவதற்கு முன்: வன்னிக்கு வரும் அருட்சகோதரிகளுக்கு

வன்னியில் சிறுவர்களுக்காகப் புதிய பணித்தளம் ஒன்றைத் தொடங்க வெளிநாட்டிலிருந்து வரும் அருட்சகோதரிகள் பெரும்பாலும் முதலில் காணிதான் பார்க்கிறார்கள். அதன் பின் கட்டட வரைபடமும், கிணறும், சுற்றுமதிலும், வரிசையாகப் போடப்பட்ட கட்டில்களும் வருகின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் சிறுவர் உளசமூகப் பணி செய்துவரும் நான், என்னிடம் ஆலோசனை கேட்டு வரும் சகோதரிகளிடம் ஒன்றையே வேண்டிக்கொள்கிறேன்: காணி பார்ப்பதற்கு முன் ஆறு மாதம் வீடு வீடாகப் போய் வாருங்கள்.

வெளிநாட்டுக் கன்னியர் வடக்குக்குப் புதியவர்கள் அல்லர். பிரான்சின் போர்தோ நகரில் 1820இல் தொடங்கிய திருக்குடும்பக் கன்னியர் சபையினர் 1862இலேயே யாழ்ப்பாணத்துக்கு வந்து பெண்பிள்ளைகளின் கல்விக்கு வழிதிறந்தார்கள். போர்க்காலத்திலும் அதன் பின் முகாம்களிலும் அருட்சகோதரிகள் மக்களோடு நின்றதை வன்னி மறக்கவில்லை. அந்த நன்றியால்தான் இன்றும் ஒரு தாய் தன் பிள்ளையை ‘சிஸ்டர்மாரிட்ட விட்டால் நல்லாப் படிக்கும்’ என்று நம்பிக் கூட்டி வருகிறாள். நான் கவலைப்படுவதும் அந்த இடத்தில்தான். சிறுவர் இல்லத்தின் வாசலுக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். உலகெங்கும் சிறுவர் இல்லங்களில் வாழும் பிள்ளைகளில் ஐவரில் நால்வருக்காவது பெற்றோரில் ஒருவரேனும் இருக்கிறார் என்று ‘சேவ் த சில்ட்ரன்’ அமைப்பு 2009இல் எழுதியதை நான் இங்கே தினமும் காண்கிறேன். அவர்களை வீட்டிலிருந்து வெளியே தள்ளுவது நுண்கடன், தூரத்துப் பாடசாலை, மத்திய கிழக்குக்குப் போன தாய், மறுமணம் போன்றவைதான்.

ஒரு தாயைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன். தரம் ஐந்து படிக்கும் மகளை இல்லத்தில் சேர்த்துவிடும்படி அவர் மூன்று முறை கேட்டு வந்தார். நானும் ஒரு சகோதரியும் அவருடைய வீட்டுக்குப் போய் அடுப்படியில் இருந்து கதைத்தபோது, சுவரில் தொங்கிய நாட்காட்டியின் திகதிகளைச் சுற்றி மூன்று நிறப் பேனாக்களால் வட்டமிட்டிருப்பதைக் கண்டோம். மூன்று குழுக்கடன்களின் தவணை நாட்கள் அவை. அந்த நாட்களில் அவர் விடியமுன் கூலிக்குப் போய்விடுவதால், பிள்ளை யானை நடமாடும் காட்டோரப் பாதையில் தனியே பாடசாலைக்கு நடக்க வேண்டியிருந்தது. அந்தத் தாய் கேட்டது இல்லத்தை அல்ல, பாதுகாப்பான காலை ஒன்றை. ஒரு சைக்கிளும், அதே பாதையால் போகும் பெரிய பிள்ளைகளின் துணையும், கடனை ஒழுங்குபடுத்த ஒரு கைகொடுப்பும் கிடைத்ததும் பிள்ளை வீட்டிலேயே இருந்துகொண்டது. இல்லத்தில் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆண்டில் ஆகும் செலவோடு பார்த்தால் இது மிகச் சிறிய தொகை.

தாயின் அணைப்பிலிருந்து பிரிவது பிள்ளைக்கு என்ன செய்கிறது என்பதை ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகர ஆய்வு தெளிவாகக் காட்டியது. காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டனர். ஏறக்குறைய இரண்டு வயதுக்கு முன் குடும்பம் கிடைத்தவர்களே அதிகம் தேறினார்கள். இங்கே எனக்குத் தெரிந்த அடையாளம் இன்னும் எளிமையானது. முதல் தடவை வரும் விருந்தினரின் மடியில் ஏறி, ‘எங்களையும் கூட்டிக்கொண்டு போங்கோ’ என்று கேட்கும் மூன்று வயதுப் பிள்ளையைப் பார்த்துப் பலர் உருகுகிறார்கள். வீட்டில் வளரும் மூன்று வயதுப் பிள்ளை புதியவரைக் கண்டால் தாயின் சட்டைக்குப் பின்னால்தான் ஒளியும். யாரிடமும் போகும் பிள்ளை, தனக்கென்று ஒருவர் இல்லாத பிள்ளை.

ஆகவே, புலம்பெயர்ந்த உறவுகள் தங்கள் பிள்ளைகளின் பெயரில் இல்லங்களில் நல்ல மனத்தோடு செய்யும் பிறந்தநாள் சாப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. யாரோ ஒரு பிள்ளையின் பெயர் எழுதிய கேக்கின் முன்னால் இல்லத்துப் பிள்ளைகள் கைதட்டிப் பாட, படம் எடுக்கப்படுகிறது. தன் பெயர் எழுதிய கேக்கைக் காணாத ஒரு சிறுமி, ‘எனக்குப் பிறந்தநாள் எப்ப எண்டு யாருக்குத் தெரியும்?’ என்று என்னிடம் கேட்டாள். பணம் அனுப்ப விரும்புகிறவர்கள் சாப்பாட்டுக்குப் பதிலாக ஒரு தாயின் தையல் இயந்திரத்துக்கோ கோழிக்கூட்டுக்கோ அனுப்பட்டும். பிள்ளையின் முகம் எவருடைய முகநூலிலும் வர வேண்டியதில்லை.

வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இல்லம் வேண்டும். சிறியதாக, சில பிள்ளைகளோடு, மாறாத முகங்களோடு வேண்டும். சபையின் ஒழுங்குப்படி சகோதரிகளுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இடமாற்றம் வரும். அது துறவு வாழ்வின் ஒரு பகுதி என்பதை நான் மதிக்கிறேன். ஆனால், ‘அம்மா’ என்று அழைக்கப்பட்டவர் ஒரு காலையில் பெட்டியோடு வாகனத்தில் ஏறுவதைப் படலையடியில் நின்று பார்க்கும் பிள்ளைக்கு அது இரண்டாவது இழப்பு. அதனால் ஊரிலேயே நிலைத்திருக்கும் பெண்களைப் பராமரிப்பாளர்களாகப் பயிற்றுவியுங்கள். இடமாற்றத்தைப் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி விடைபெறுங்கள். சைவப் பிள்ளையின் நெற்றியில் திருநீறு இருக்கட்டும். 1989ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 20ஆம் உறுப்புரையும், குடும்பத்தை இழந்த பிள்ளையின் சமயம், மொழி, பண்பாடு ஆகியவற்றைக் கருத்தில் கொள்ளும்படியே கேட்கிறது.

தாயே கொண்டு வந்து கையில் தந்தாலும் பிள்ளையை நேரடியாக ஏற்றுக்கொள்ளாதீர்கள். மாகாண நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புச் சேவைகள் திணைக்களத்தில் இல்லத்தைப் பதிவு செய்து, நன்னடத்தை உத்தியோகத்தர் ஊடாகவே பிள்ளையைச் சேர்க்க வேண்டும். துன்புறுத்தல் பற்றிய சந்தேகம் எழுந்தால் 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

பிள்ளையைக் குடும்பத்தோடு வைத்திருப்பது கன்னியருக்கு அந்நியமான யோசனை அல்ல. உகண்டாவில் 2016இல் துறவற சபையினர் தாங்களே முன்வந்து, சகோதரிகளைச் சமூகப்பணி படிக்க அனுப்பி, தங்கள் இல்லங்களின் பிள்ளைகளைக் குடும்பங்களோடு மீளச் சேர்க்கத் தொடங்கினார்கள். சாம்பியாவும் மலாவியும் அவ்வழியில் வந்தன. எங்கள் பக்கத்தில் அண்மையில் வந்த சில சகோதரிகள் இன்னும் காணி வாங்கவில்லை. இரண்டு அறை வாடகை வீட்டில் பின்னேர வகுப்பு நடக்கிறது. அவித்த கடலையும் தேநீரும் கொடுக்கிறார்கள். தமிழ் கற்றுவரும் சகோதரி ஒருவர், ‘ஒண்டுமில்லை சிஸ்டர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அன்றைக்கே அந்த வீட்டுக்குப் போய்வர வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். பொழுது சாயும் முன் அவர் படலையடியில் நின்று பெயர்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட, பிள்ளைகள் இருவர் மூவராகத் தங்கள் வீடுகளுக்குப் போகிறார்கள்.